ஐந்தாவது எடைக்கல்

எண் உள்ளவர்கள் ஐந்து பேர் இருந்தோம்.

ஒன்று, யூஹா. பின்லாந்துக்காரர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் வார்க்கும் மெஷின்களை மாட்டிக் கொடுக்க வந்தவர். ஆறரை அடி உயரம். வெயில் பட்டு, வேகவைத்த நண்டு நிறத்தில் இருந்தார்.

இரண்டு, கிரிதர். பெங்களூர். விசிலும் மடிக்கணினியும் அவரிடம்தான். போட்டியை நடத்துகிறவரும் அவர், ஆடுகிறவரும் அவர்.

மூன்று, கிம். கொரியாக்காரர். தடாவில் ஒரு கம்பெனியில் வேலை. இரண்டு நாளில் அவர் பேசியது நான் பேசியதைவிடக் குறைவு.

நான்கு, ரமணி அம்மா. கோயம்புத்தூரில் பல் டாக்டர். எறியும் முன் கண்ணை மூடி மூச்சு விடுவார்.

ஐந்து, நான். ஜொகூரில் ஒரு பூங்காவில் புல் வெட்டுகிறேன். பதினாறு வருஷம் ஆகிறது.

எண் இல்லாதவர்கள் ஒன்பது பேர். அதில் ஒருத்தி எஸ்தர். என் தங்கை மகள். அவளுக்காகத்தான் விமானம் ஏறினேன்.

விளையாட்டு பெரிய விஷயம் இல்லை. சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் தட்டு. தூரத்தில் ஒரு கம்பம், கம்பத்தில் சங்கிலி தொங்கும் கூடை. தட்டை எறிந்து, நடந்து போய், விழுந்த இடத்திலிருந்து திரும்ப எறிந்து, கூடையில் போட வேண்டும். பதினெட்டுக் கூடை. குறைந்த எறியில் முடிக்கிறவர் கெட்டிக்காரர். கோல்ஃப் மாதிரிதான். குச்சியும் பந்தும் இல்லை.

எண் என்பது ஆளின் தரம். கணக்கில் சேரும் போட்டிகளில் ஆடினால் கொடுப்பார்கள். எந்த நாட்டுக்குப் போனாலும் அதே எண். என் எண் எழுநூற்று எழுபத்தொன்பது. சுமார் ரகம்.

அது வந்த கதையும் சின்னதுதான். பூங்காவில் புல் வெட்டும்போது சாக்கடையில் தட்டு கிடைக்கும். கழுவி வேலியில் செருகி வைப்பேன். ஆடுகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ஓர் ஆள் குறைந்தது. நீயும் நில் என்றார் ஒரு சீனர். நின்றேன். அப்புறம் ஆள் குறைந்தபோதெல்லாம் நின்றேன்.

எஸ்தர் கும்மிடிப்பூண்டியில் இந்தத் தட்டு வார்க்கும் கம்பெனியில் எடைப் பிரிவில் இருக்கிறாள். வார்த்த தட்டு ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, கிராம் பார்த்து, பெட்டியில் அடுக்குவாள். பெட்டிகள் கப்பலேறிப் போய்விடும். எடை தவறிய தட்டுகளை எடுத்துக்கொண்டு, அவளும் கூட வேலை செய்கிறவர்களும் ஷிஃப்ட் முடிந்ததும் கம்பெனிக்குப் பின்னால் வறண்ட ஏரியில் எறிந்து பழகினார்கள். நாலு வருஷத்தில் அவள் யூஹாவுக்கே சவால் விடுகிற அளவுக்கு வந்துவிட்டாள்.

ஸ்வீடனில் ஒரு பெரிய போட்டி. அதில் பெண்கள் பிரிவில் நுழையக் குறைந்தபட்சம் எண்ணூற்று இருபத்தைந்து எண் வேண்டும். எஸ்தருக்கு எண்ணே இல்லை. பெயர் கொடுக்க மாதக் கடைசி வரை நேரம். எண் இல்லாதவருக்கு எண் கிடைக்க வேண்டுமானால், எண் உள்ளவர் குறைந்தது ஐந்து பேர் கூட ஆடி முடிக்க வேண்டும். நாலு பேர் என்றால் மற்றவர்கள் ஆடியது ஆடாத மாதிரிதான். ஐந்தாவதாக வர இருந்த கொல்கத்தாக்காரர் கணுக்கால் முறிந்து படுத்துவிட்டார்.

போன் செய்தாள்.

“மாமா, நீ வந்தாத்தான் எனக்கு நம்பரு வரும்.”

“நான் நல்லா ஆட மாட்டேன்.”

“நல்லா ஆட வேணாம். நீ எப்பவும் ஆடற மாதிரி ஆடு, போதும்.”

பிறகு சொன்னாள்: “நான் எடை போட்ட தட்டுங்கோ எல்லாம் அங்க போயிடுச்சு மாமா. நான் மட்டும்தான் போவல.”

லீவு கேட்டேன். ஐந்து நாள் கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மின்சார ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. விமானத்தில் தூங்கவில்லை. ரயிலில் தூங்கிவிட்டேன். கனவில் புல் வெட்டிக்கொண்டே இருந்தேன். மெஷின் சத்தம் நின்றதும் விழித்தேன். நின்றது ரயில். எதிரே காலி மீன்கூடையோடு ஓர் அம்மா.

“எங்க எறங்கணும் நைனா?”

“கும்மிடிப்பூண்டி.”

“அது போயி எவ்ளோ நேரமாச்சு! இது சூளூர்ப்பேட்டை. எறங்கு எறங்கு.”

நாடு தாண்டி வந்தது பெரிதில்லை. தூக்கத்தில் மாநிலமும் தாண்டியிருந்தேன்.

பிளாட்பாரத்தில் இட்லி வாங்கினேன். வேர்க்கடலைச் சட்னி. காரம் காதுக்கு ஏறியது. ஜொகூரில் சட்னியில் சர்க்கரை போட்ட மாதிரி இருக்கும், யாரும் அழுவதில்லை. இங்கே கண்ணில் தண்ணீர் வந்தது. கடைக்காரர் பக்கத்து ஆளிடம் தெலுங்கில் சொன்னார்: “தமிழ்நாட்டுக்காரன் ஒவ்வொருத்தனும் நம்ம ஊருக்கு வந்துதான் கண்ணு முழிக்கிறான்.” எனக்குத் தெலுங்கு புரியும் என்று அவருக்குத் தெரியாது. இன்னும் இரண்டு இட்லி கேட்டேன்.

திரும்பும் ரயிலில் தூங்கவில்லை. ஆனாலும் தூக்கத்தில் இருக்கிற மாதிரியே இருந்தது. வெளியே உப்புக்காற்று. தூரத்தில் தண்ணீர் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. கொக்குகள் நின்ற இடத்திலேயே நின்றன. ரயில்தான் நகர்ந்ததா என்று சந்தேகம் வந்தது.

ஸ்டேஷன் வாசலில் சகாயம், லோடு ஆட்டோவோடு. தங்கை வீட்டுக்காரன். திருவள்ளூர் மணவாள நகரில் வீடு. மகளின் போட்டிக்காக இரண்டு நாள் சவாரியை விட்டுவிட்டு வந்திருந்தான்.

“இன்னா மச்சான், ஆந்திராவெல்லாம் சுத்திப் பாத்துட்டுத்தான் வருவியா?”

“தூங்கிட்டேன்.”

“பேஜாரு புடிச்சவன்யா நீ. ஏறு. முன்னாடி எடம் இல்ல, பின்னாடி ஏறு.”

பின்னால் கூடைகள். பேட்டையில் ஒரு பட்டறைக்காரர் கழிவுச் சங்கிலியில் செய்து கொடுத்தவை. கடைசி ஒன்பதும் அன்றுதான் தயாரானதாம். கம்பங்களுக்கு நடுவே உட்கார்ந்தேன். ஆட்டோ குதிக்கும்போதெல்லாம் ஒன்பது கூடைச் சங்கிலிகளும் குலுங்கின. ரோட்டோரம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லாரிகள், புகைக் குழாய்கள், டீக்கடைகள், திரும்பவும் லாரிகள். எல்லாம் அந்தச் சத்தத்துக்குள் மிதந்து போயின. மேம்பாலத்துக்குக் கீழே ஒரு கூடை நழுவி ரோட்டில் விழுந்தது. சகாயம் நிறுத்தவில்லை. கத்தினேன். அவன் காதில் விழவில்லை. பின்னால் வந்த தண்ணீர் லாரிக்காரர் இறங்கி, எடுத்து, எங்களைத் துரத்தி வந்து கொடுத்தார். “இன்னா சாமான்பா இது, கோயிலுக்கா?” என்று கேட்டார். ஆமாம் என்றான் சகாயம். விளக்க நேரம் இல்லை.

சாயங்காலம் கம்பெனி கேன்டீனில் கிரிதர் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார்: “இந்த அஞ்சு பேரும் வழக்கமா எப்படி ஆடுவாங்கன்னு கணக்கு இருக்கு. இவங்க இங்க எத்தனை எறியில முடிக்கிறாங்களோ, அதை வெச்சு இந்த இடம் எவ்வளவு கஷ்டம்னு கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். அப்புறம்தான் மத்தவங்களை அளக்கும்.”

யாருக்கும் புரியவில்லை. எஸ்தர் எழுந்தாள்.

“தெனம் காலைல நம்ம மொத வேலை இன்னா? தராசுல எடைக்கல்லு வெச்சுப் பாக்கறது. நூத்தம்பது கிராம் கல்லு வெச்சா நூத்தம்பது காட்டணும். அப்பறம்தான் தட்டை வெப்போம். இவங்க அஞ்சு பேரும் கல்லு. நம்ம எல்லாம் தட்டு.”

எல்லோருக்கும் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார்கள். மரியாதையாகத்தான். எடைக்கல்லை வெறும் கையால் தொட மாட்டார்களாம். வேர்வை பட்டால் எடை மாறும். துணியால்தான் எடுப்பார்கள். ஒரு பையன் என் தோளில் கை போட வந்தபோது எஸ்தர் அதட்டினாள்: “மாமாவைத் தொடாத! கல்லு!”

சிரித்தார்கள். ஆனால் அந்த வேடிக்கை அதோடு நிற்கவில்லை.

சனிக்கிழமை காலை, கேன்டீனில் சமைக்கும் விமலா அக்கா வந்து நின்றார்.

“அண்ணே, அங்க ஆட்டத்துக்கு முன்னாடி நாஷ்டா இன்னா துன்னுவ?”

“ரொட்டி சானாய். பருப்புக் குழம்பு. டீ.”

“அதையே துன்னணும். மாத்தக் கூடாது.”

ரொட்டி சானாய்க்கு எங்கே போவது? பரோட்டா வந்தது. பருப்பு, பீகார்க்காரர்கள் குடியிருக்கும் வரிசையிலிருந்து ஒரு தூக்கில் வந்தது. டீயை ஆற்றி ஆற்றி நுரை வரவைத்தார்கள். பரோட்டாவைப் பிய்த்துப் பருப்பில் நனைத்தேன். ஆறேழு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அதே மாதிரி இருக்குதா?”

“இருக்கு.”

இல்லை. ஆனால் நன்றாக இருந்தது.

எத்தனை மணிக்கு எழுவேன், ஷூவா செருப்பா, தொப்பி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஜொகூரில் யாரும் என்னை ஒன்றும் கேட்பதில்லை. புல் வளர்ந்ததா, வெட்டினேனா, அவ்வளவுதான். இங்கே நான் நேற்று எப்படி இருந்தேனோ அப்படியே இன்றும் இருக்க வேண்டும் என்று ஒரு கம்பெனியே காவல் காத்தது.

ஏரி காய்ந்து வெடித்துக் கிடந்தது. சீமைக் கருவேல மரங்களுக்கு நடுவே கூடைகள். மேலே உயரழுத்த மின்கம்பிகள் விடாமல் முனகின. நாலு பக்கமும் புகைக் குழாய்கள். கடைசிக் கூடைக்கு முன்னால் மட்டும் தண்ணீர். மண் எடுத்த பள்ளத்தில் மழைநீர் தேங்கி, ஆகாயத்தாமரை மூடியிருந்தது. ஓரத்தில் கொக்குகள். ஜொகூரில் மதியம் ஆனால் மழை வரும், புல் எந்நேரமும் ஈரமாக இருக்கும், விழுந்த தட்டு விழுந்த இடத்தில் கிடக்கும். இங்கே தரையில் பட்ட தட்டு எழுந்து ஓடியது. முள்ளுக்குள் புகுந்தது. வெயிலில் தரை நெளிந்தது. தூரத்தில் யூஹா எறிந்த தட்டு அந்த நெளிவுக்குள் போய், விழாமல் நின்றுகொண்டே இருந்தது. ஒரு பறவை யோசித்துக்கொண்டிருக்கிற மாதிரி.

கம்பெனிச் சுவர்மேல் வடக்கத்திப் பையன்கள் வரிசையாக உட்கார்ந்து பார்த்தார்கள். இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்னவென்று கிரிதரிடம் கேட்டேன். அவர் சொன்னார்: “எறியறான், நடக்கறான், மறுபடி எறியறான். எடுத்துட்டு வர ஒரு நாய் வெச்சுக்கக் கூடாதான்னு கேக்கறாங்க.”

காலை ஆட்டம் எனக்கு அறுபத்தேழு. மாலை ஆட்டமும் அறுபத்தேழு. கிரிதர் மடிக்கணினியைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“உங்க எண்ணுக்கு இந்த இடத்துல அறுபத்தேழுதான் சரி. நீங்கதான் சார் சுத்தமான கல்லு.”

“தப்பா ஆடினா?”

“எழுபத்திரண்டு வரைக்கும் பரவாயில்ல. அதுக்கு மேல போனா, இந்த ஆளுக்கு இன்னிக்கு ஏதோ கோளாறுன்னு கம்ப்யூட்டரே உங்களைத் தள்ளி வெச்சிடும். அப்புறம் நாலு பேர்தான். அந்த ஆட்டம் யாருக்கும் செல்லாது.”

இரண்டு ஆட்டத்துக்கும் சேர்த்து எஸ்தருக்கு எண்ணூற்றுப் பத்தொன்பது வந்திருந்தது. ஞாயிறு காலை ஒரே ஆட்டம் பாக்கி. அதில் நன்றாக ஏறினால்தான் சராசரி இருபத்தைந்தைத் தொடும். அவள் தட்டுகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயும் நேரம் சகாயம், கம்பெனியில் எனக்குக் கொடுத்திருந்த அறைக்கு வந்தான். கையில் அடுக்குத் தூக்கு. பழவேற்காட்டு நண்டு. மிளகு போட்டு வறுத்தது. வாசனை அறையை நிறைத்தது.

“காலையில கண்டத துன்னாதன்னாங்க,” என்றேன்.

“அது காலைல. இது சாயங்காலம். துன்னு மச்சான்.”

தின்றேன். ஓடு உடைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவன் ஒரு காலத்தில் திருவள்ளூர்ச் சந்தையில் காய்கறி விற்றவன். தராசு தெரிந்தவன்.

“கல்லு கொஞ்சம் கொறஞ்சிருந்தா இன்னாவும் மச்சான்? சரக்கு கூடக் காட்டும். இல்ல?”

நண்டுக் காலை உடைத்தேன்.

“நீ கொஞ்சம் மோசமா ஆடினா, எடம் கஷ்டம்னு அந்தப் பொட்டி நெனச்சுக்கும். பொண்ணுக்கு நம்பரு ஏறும். கிரிதர் சாராண்ட கேட்டுக்கினேன். நேராக் கேக்கல, சுத்தி வளச்சுக் கேட்டேன். நாளைக்கு எழுபத்தொண்ணு போடு.”

“ஏன் எழுபத்தொண்ணு?”

“எழுபத்திரெண்டு வரைக்கும் செல்லும்ல? ஒண்ணு சேஃப்டிக்கு.”

“மாட்டேன்.”

“உன் தங்கச்சி பொண்ணு மச்சான்.”

“தெரியும்.”

“நாலே நாலு எறி. யாரு வூட்டுச் சொத்து கொள்ள போவுது?”

“கூடையைப் பாக்காம எறிய எனக்குத் தெரியாது மாப்ள.”

என்னையே பார்த்தான். “பதினாறு வருசம் வெளிநாட்ல இருந்தும் பொழைக்கத் தெரில உனக்கு,” என்றான். இன்னொரு நண்டை என் தட்டில் வைத்தான்.

வைத்தது அவன். தின்றது நான்.

ஞாயிறு காலை வயிறு கல்லாக இருந்தது. பரோட்டா இறங்கவில்லை. விமலா அக்கா முகம் வாடியது. பாதியைப் பையில் போட்டுக்கொண்டேன். எஸ்தர் ஓரமாக அழைத்தாள்.

“அப்பா நேத்து உன்னாண்ட இன்னா சொன்னாரு?”

“நண்டு துன்னச் சொன்னான்.”

“வேற?”

“அதுதான்.”

அவள் நம்பவில்லை. அதற்குள் கிரிதர் விசில் ஊதிவிட்டார்.

மூன்று பேர் சேர்ந்து ஆட வேண்டும். எஸ்தர், கிம், நான். எஸ்தர் எறிந்தது அன்று வேறு மாதிரி இருந்தது. கையை விட்டுப் போன தட்டு தயங்கவே இல்லை. மரங்களுக்கு நடுவே, இருக்கிற ஒரே வழி எதுவோ அதில் போய், கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. நான் கூடையைப் பார்த்தேன், எறிந்தேன், தட்டு வேறெங்கோ போனது. மறுபடி பார்த்தேன், எறிந்தேன். மூன்றாவது கூடையில் ஒன்று கூடியது. ஆறாவதில் ஒன்று. வெயில் ஏறியது. கண்ணுக்கு முன்னால் கூடைகள் மெதுவாக ஆடின. தண்ணீருக்கு அடியில் நடக்கிற மாதிரி நடந்தேன்.

பன்னிரண்டாவது கூடையில் எஸ்தர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: “மாமா, இன்னா பண்ற?”

“ஆடறேன்.”

“ஒழுங்கா ஆடு.”

“ஒழுங்காத்தான் ஆடறேன்.”

சகாயம் கூடவே கரைமேல் வந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு கூடை முடிந்ததும் விரலை மடக்கினான். நான் தவறவிட்டபோதெல்லாம் அவன் முகம் மலர்ந்தது. வேண்டாம் என்று கை காட்டினேன். அதையும் அவன் நடிப்பு என்று எடுத்துக்கொண்டான். கண்ணடித்தான்.

பதினேழு கூடை முடிந்தது. கிம் எறிகளை எழுதிவந்த அட்டையைக் காட்டினார். எனக்கு அறுபத்தேழு. நேற்று ஒவ்வோர் ஆட்டத்திலும் பதினெட்டுக் கூடைக்கும் சேர்த்து எத்தனை ஆனதோ, அத்தனை இப்போதே ஆகிவிட்டது. இன்னும் ஒரு கூடை. ஐந்து எறிக்குள் முடித்தால் நான் கல். ஆறு ஆனால் நான் யாரும் இல்லை, எஸ்தர் ஆடிய இந்த ஆட்டமும் இல்லை.

கடைசிக் கூடை தண்ணீருக்கு அந்தப் பக்கம். கிம் எறிந்தார், தாண்டியது. எஸ்தர் எறிந்தாள், தாண்டியது. நான் நின்றேன். கை ஈரமாக இருந்தது. துணியில் துடைத்தேன். பழவேற்காட்டுப் பக்கமிருந்து காற்று வந்தது. எறிந்தேன்.

தட்டு போனது. நன்றாகத்தான் போனது. பள்ளத்துக்கு நடுவே போனதும் நின்றது. நிஜமாகவே நின்றது. கொக்குகள் எல்லாம் ஒன்றாக எழுந்தன. வெள்ளைக்குள் வெள்ளைத் தட்டு. எது தட்டு, எது கொக்கு என்று தெரியவில்லை. அந்த நேரம் எனக்குப் பயம் இல்லை. யாரும் இல்லாத இடத்தில் புல்மேல் படுத்திருக்கிற மாதிரி இருந்தது. பிறகு கொக்குகள் போய்விட்டன. தட்டு ஆகாயத்தாமரைக்குள் சத்தமில்லாமல் இறங்கியது.

தண்ணீரில் விழுந்தால் ஒன்று அபராதம். எறி ஒன்று, அபராதம் ஒன்று. அறுபத்தொன்பது.

எஸ்தர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளத்தைச் சுற்றிப் போய், குறித்த இடத்தில் நின்று எறிந்தேன். கூடையைத் தாண்டிப் பன்னிரண்டு தப்படி தள்ளி விழுந்தது. எழுபது. இனி இரண்டு எறிக்குள் போட வேண்டும். பன்னிரண்டு தப்படி என்பது எனக்குத் தூரம். பத்தில் ஒன்று விழும். சகாயம் கரைமேலிருந்து இரண்டு கையையும் தாழ்த்தி, பொறுமை, பொறுமை என்று காட்டினான்.

கூடையைப் பார்த்தேன். சங்கிலியில் ஒரு கண்ணி மட்டும் புதிதாக மின்னியது. ரோட்டில் விழுந்த கூடை அதுதான். விழுந்ததில் உடைந்து, பட்டறையில் மாற்றிக் கொடுத்த கண்ணி. அதைப் பார்த்து எறிந்தேன்.

சங்கிலி குலுங்கியது. தட்டு உள்ளே இருந்தது.

கரையிலிருந்து சகாயம் விசிலடித்தான். ஓடி வந்தான். “எழுபத்தொண்ணு! சொன்ன மாதிரியே கணக்கா முடிச்சியே மச்சான்! கல்லுன்னா இது கல்லு!”

கிம் அட்டையை நீட்டினார். ஆங்கிலத்தில் கேட்டார்: “எண்ணிக்கை சரிதானா?” தலையாட்டினேன். கையெழுத்துப் போட்டேன். ஆனா, ஆவன்னா மாதிரி கோணலாகத்தான் வந்தது.

ஏரிக்கரை மோட்டார் ரூம் நிழலில் கிரிதர் மடிக்கணினியைத் திறந்தார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. யூஹா குனிந்து பார்த்தார். ரமணி அம்மா கண்ணை மூடி மூச்சு விட்டார். வட்டம் நின்றது.

எஸ்தர், எண்ணூற்று இருபத்தாறு.

கத்தினார்கள். விமலா அக்கா அழுதார். யாரோ தண்ணீர் பாட்டிலைப் பீய்ச்சினார்கள். யூஹா எஸ்தருக்குக் கை கொடுத்தார். கொடுத்தாள். குலுக்கிய தன் கையைப் பார்த்தாள். பிறகு தனியாகப் போய், ஸ்பேனரை எடுத்து, கூடைகளைக் கழற்ற ஆரம்பித்தாள். சாயங்காலம் வரை கழற்றினாள். என் பக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை அவளும் லோடு ஆட்டோவில் வந்தாள். சகாயம் ஓட்டினான். நாங்கள் பின்னால், பிரித்த கூடைகளுக்கு நடுவே. பட்டறை வரைக்கும் சங்கிலிச் சத்தம். கூடைகளை இறக்கியதும் சத்தம் நின்றது. அப்போது கேட்டாள்.

“மாமா, வேணும்னே போட்டியா?”

“இல்ல.”

“அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்காரு. என் மச்சான் பொண்ணுக்காவ வுட்டுக் குடுத்தான்னு.”

“சொல்லட்டும்.”

“உனக்கு இன்னா, நீ ப்ளைட் ஏறிப் போயிடுவ. அந்த நம்பரு என்னாண்டதானே இருக்கும்?”

அவள் விரலால் ஆட்டோத் தரையில் எதையோ எழுதிக் கூட்டினாள். அழித்தாள். திரும்பக் கூட்டினாள்.

“கடைசி எறி,” என்றாள். “நீ போடாம வுட்டிருந்தா எழுபத்திரெண்டு. அதுவும் செல்லும். எனக்கு இன்னும்கூட ஏறியிருக்கும். வேணும்னே ஆடறவன் அதைப் போட மாட்டான்.”

“ம்.”

“தண்ணில வுழுந்ததே, அது?”

“காத்து.”

என்னைப் பார்த்தாள். நாலு வருஷம் தட்டுகளைத் தூக்கிப் பார்த்தவள். தராசில் வைக்கும் முன்பே கிராம் சொல்லுவாள் என்பார்கள். அப்படிப் பார்த்தாள்.

“சரி,” என்றாள்.

பையிலிருந்து ஒரு தட்டை எடுத்துக் கொடுத்தாள். பள்ளத்தில் விழுந்த என் தட்டு. யாரோ இறங்கி எடுத்திருக்கிறார்கள். கழுவியிருந்தாள். ஆனாலும் சேற்று வாசனை போகவில்லை. துணியில் சுற்றித்தான் கொடுத்தாள்.

விமான நிலையத்தில் சகாயம் என்னைக் கட்டிப் பிடித்தான். காதில் சொன்னான்: “மறக்க மாட்டேன் மச்சான்.” நான் ஒன்றும் செய்யவில்லை மாப்ள என்றேன். அதுக்குத்தான் மறக்க மாட்டேன் என்றான்.

ஜொகூரில் மழை பெய்து புல் முழங்கால் அளவு நின்றது. நாலு நாள் விடாமல் வெட்டினேன். ஐந்தாம் நாள் எஸ்தரின் செய்தி வந்தது. ஸ்வீடன்காரர்கள் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். கடைசியில் ஒரு வரி: காலையில் எடைக்கல் வைக்கும்போது உன் ஞாபகம் வந்தது மாமா.

மெஷினை அணைத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தேன். அந்தக் கொக்குகள் எழுந்த நேரம் திரும்பத் திரும்ப வருகிறது. காற்று இருந்தது. அது நிஜம். கை ஈரமாக இருந்தது. அதுவும் நிஜம். தட்டு விரலை விட்டுப் போகிற அந்த ஒரு கணம் கை என்ன நினைத்தது என்று மட்டும் தெரியவில்லை. நான் கூடையைத்தான் பார்த்தேன்.

சட்டைப் பையில் ஆட்ட அட்டையின் நகல் இருந்தது. வேர்வையில் நனைந்து காய்ந்து மொரமொரவென்று இருந்தது. கிம் எழுதிய சின்னச் சின்ன எண்கள். ஒருவேளை அவர் கூட்டியதில் ஒன்று கூடியிருக்கலாம், ஒன்று குறைந்திருக்கலாம். பதினெட்டுக் கட்டத்திலும் விரல் வைத்து மெதுவாகக் கூட்டினேன். கீழிருந்து மேலே ஒரு தடவை. மேலிருந்து கீழே ஒரு தடவை.

எழுபத்தொன்று.